ஆள், சம்பளம், கணக்கு: சின்னத் தொழில் நடத்துவோர் கேள்வி-பதில்

மனிதவளத் துறை என்று தனி அறையோ தனி ஆளோ இல்லாத கடைகள், பட்டறைகள், கம்பெனிகளிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

கே: நிரந்தரமாக 9 பேர் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு முன் ஒன்றரை மாதம் பேக்கிங்குக்கு 3 பேரைத் தினக்கூலிக்கு வைப்போம். வாட்ச்மேன் ஏஜென்சி ஆள். எங்களுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா? "பத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார் தெரிந்த ஒருவர். (கரூர்)

ப: இ.எஸ்.ஐ. உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. முந்தைய 12 மாதங்களில் ஏதோ ஒரு நாள் 10 பேர் கூலிக்கு இருந்தால் போதும். தினக்கூலிக்காரர், தற்காலிக ஆள், ஏஜென்சி வாட்ச்மேன் எல்லோரும் தலைக்கணக்கில் சேர்வார்கள். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேலாளரையும் எண்ண வேண்டும். அவருக்குச் சந்தா கட்டத் தேவையில்லை, அவ்வளவுதான். பி.எஃப்.-க்கு அந்த எண்ணிக்கை 20. இரண்டிலும், ஒருமுறை உள்ளே வந்த நிறுவனம் ஆள் குறைந்துவிட்டது என்று சொல்லி வெளியேற முடியாது.

அந்த மூன்று பேரை மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) எழுதாமல் விட்டுத்தான் பலரும் பத்துக்குள் கணக்குக் காட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த பணம் "பேக்கிங் கூலி" என்று லெட்ஜரில் உட்கார்ந்திருக்கும். ஆய்வுக்கு வருபவர் மஸ்டரோடு லெட்ஜரையும் கேட்பார். மூன்று நான்கு வருடப் பேக்கிங் கூலிக்கு மொத்தமாகச் சந்தா, அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, மேலே அபராதம் என்று கணக்குப் போட்டால், ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டிய தொகை சின்னதாகத் தெரியும்.

உண்மையில் எவ்வளவு ஆகும்? மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.-யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். நாளைக்கு 20 பேர் ஆகி பி.எஃப்.-உம் வந்தால் தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,680. உங்கள் பங்கும் அதே 1,680. பி.எஃப்.-உடன் சேர்ந்து வரும் காப்பீட்டுக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம், ஆளுக்கு 140 ரூபாய் (நிர்வாகக் கட்டணம் நிறுவனத்துக்கு மாதம் குறைந்தது 500). எல்லாம் சேர்த்து உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது 2,275 ரூபாய். அவர் கையில் வாங்குவது 12,215. ஆள் எடுக்கும்போது "14,000 தருகிறேன்" என்று மொட்டையாகச் சொன்னால், முதல் சம்பளத்தன்றே "1,785 ரூபாய் எங்கே?" என்ற பஞ்சாயத்து ஆரம்பிக்கும். மொத்தம் இவ்வளவு, பிடித்தம் போகக் கையில் இவ்வளவு என்று இரண்டையும் சொல்லுங்கள். உங்கள் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி தவறு.

இரண்டுக்கும் கடைசி நாள் அடுத்த மாதம் 15. பிடித்த பணத்தைக் கட்டாமல் வியாபாரத்தில் சுழற்றுவது அபராதத்தோடு நிற்காது, குற்ற வழக்கு வரை போகும்.

கே: 14 பேர் உள்ள லேத் பட்டறை. எல்லாம் வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது. பணி நியமனக் கடிதம் கொடுத்தால் நாளைக்கு நமக்கே வினையாகுமா? (கோவை)

ப: கொடுக்காமல் இருப்பதுதான் வினை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. நியமனக் கடிதம் இப்போது கட்டாயம். வழக்கு என்று வந்தால், எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் தொழிலாளி சொல்லும் சேர்ந்த தேதியையும் சம்பளத்தையும் மறுக்க உங்களிடம் எந்தத் தாளும் இருக்காது.

தமிழில் ஒரு பக்கம் போதும். சேர்ந்த தேதி, வேலை, மொத்தச் சம்பளமும் அதன் பிரிவுகளும், சம்பள நாள் (அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்), வேலை நேரம், வார விடுமுறை, தகுதிகாண் காலம், விலகவோ விலக்கவோ எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கடிதங்களில் விட்டுப்போவது, மாதச் சம்பளத்தை எதால் வகுப்பது என்ற வரி. 15,600 ரூபாயை 26-ஆல் வகுத்தால் நாள் சம்பளம் 600, முப்பதால் வகுத்தால் 520. இரண்டு நாள் வராதவருக்கு 1,200 பிடிப்பதா, 1,040 பிடிப்பதா? லீவுக்கு 26, ஓவர்டைமுக்கு 30 என்று வசதிக்குத் தகுந்தபடி மாற்றி வகுக்கும் முதலாளிகளைத் தொழிலாளிகள் மூன்றாவது மாதமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரே எண்ணை எழுதி அதிலேயே நில்லுங்கள்.

அடிப்படைச் சம்பளத்தை 5,000 ஆக்கி மீதியைப் படிகளாகப் பிரிக்கும் பழைய உத்தி இனிப் பலிக்காது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கில் வரும்.

சேரும் அன்றே வாங்க வேண்டியவை: ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், பழைய யு.ஏ.என். (பி.எஃப்.-இன் நிரந்தரக் கணக்கு எண்) மற்றும் இ.எஸ்.ஐ. எண், வாரிசுதாரர் பெயர், சொந்த ஊர் முகவரி. ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதியோடு யு.ஏ.என்.-இல் உள்ளது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று அன்றைக்கே பாருங்கள். "எஸ். முருகன்", "முருகன் எஸ்" என்ற சின்ன வித்தியாசம் ஐந்து வருடம் கழித்து அவர் பி.எஃப். எடுக்கப் போகும்போது மனு திரும்பி வரக் காரணமாகிவிடும். அவர் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். இ.எஸ்.ஐ. பதிவுக்கு 10 நாள் அவகாசம் உண்டு என்றாலும் லேத் பட்டறையில் அதை நம்பாதீர்கள். விரல் போவதற்கு ஒரு நாள் போதும்.

கே: பனியன் ஜாப் ஒர்க் யூனிட். ஊர் வழக்கப்படி 12 மணி நேரத்துக்கு ஒன்றரை ஷிஃப்ட் சம்பளம் போடுகிறோம். பையர் (துணி வாங்கும் கம்பெனி) ஆடிட்டில் இது தவறு என்று எழுதிவிட்டார்கள். ஊரே இப்படித்தானே செய்கிறது? (திருப்பூர்)

ப: ஊர் வழக்கம் ஆடிட் அறிக்கையில் ஏறாது. ஷிஃப்டுக்கு 480 ரூபாய் என்றால் மணிக்கு 60. ஒன்றரை ஷிஃப்டுக்கு நீங்கள் கொடுப்பது 720. எட்டு மணி நேரத்துக்கு மேலுள்ள நான்கு மணிக்கு இரட்டைச் சம்பளம், அதாவது மணிக்கு 120 வீதம் 480 சேர்த்து 960 வர வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 240 ரூபாய் குறைகிறது. தவிர, வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டினால் 72 மணி நேரம். 48-க்கு மேல் 24 மணி நேரம் ஓவர்டைம் என்பது இரட்டைச் சம்பளம் கொடுத்தாலும் வரம்புக்குள் வராது.

பீஸ் ரேட் டெய்லருக்கும் இது பொருந்தும். "அவர் பீஸுக்குத் தைக்கிறார், நேரம் அவர் பாடு" என்ற வாதம் நிற்காது. அவர் எட்டு மணி நேரத்தில் பீஸ் கணக்கில் சம்பாதிப்பது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. ஓவர்டைமுக்கு அவருடைய சராசரி வருமானத்தை வைத்து மணிக் கூலி போட வேண்டும்.

இரண்டு மஸ்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆடிட்டர் வருகைப் பதிவை மட்டும் பார்ப்பதில்லை. செக்கிங் மேசையின் தினசரித் தாள், டெலிவரி செலான், ஜெனரேட்டர் டீசல் கணக்கு, முக்கியமாக ஊசி உடைந்த பதிவேடு ஆகியவற்றை எடுத்து ஒப்பிடுவார். மஸ்டரில் ஞாயிறு விடுமுறை; ஊசிப் பதிவேட்டில் அதே ஞாயிறு மாலை ஆறரைக்கு ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது. அதோடு கதை முடிந்தது. மணி நேரம் அதிகம் என்பதைத் திருத்திக்கொள்ள பையர் அவகாசம் தருவார். பொய்க் கணக்கு என்று எழுதிவிட்டால் ஆர்டரே போய்விடும்.

சரிசெய்வது எப்படி? ஒரேயடியாக எட்டு மணி நேரத்துக்கு இறங்கினால் டெய்லர்கள் அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவார்கள்; அவர்களுக்கு வேண்டியது வாரக் கூலி குறையாமல் இருப்பது. எந்த லைனில் எந்த மெஷின் காத்துக் கிடக்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கட்டிங் தாமதத்தால் பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) பகலில் சும்மா இருந்து, இரவில் ஓவர்டைம் ஓடுவது பல யூனிட்டுகளின் உண்மை நிலை. கட்டிங்கை ஒரு நாள் முன்னால் முடித்து வைத்தாலே ஓவர்டைமில் ஒரு பகுதி தானாகக் குறையும். மிச்சமாவதில் ஷிஃப்ட் ரேட்டைக் கூட்டுங்கள்.

கணக்கு போடுபவருக்கு ஒரு குறிப்பு: பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் ஓவர்டைம் தொகைக்கும் சந்தா பிடித்தார்கள்; பி.எஃப்.-க்கு ஓவர்டைமைச் சேர்க்க வேண்டாம். 21,000 வரம்பைத் தாண்டிவிட்டாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது.

கே: ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்களுக்கு ஸ்டூல் போட வேண்டும் என்பது சட்டமா, அறிவுரையா? (மதுரை)

ப: சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்தது. ஆண், பெண் எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும். ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் ஃப்ளோர் சூபர்வைசர் முறைப்பது போட்டதாகக் கணக்காகாது.

கே: நல்ல தறிக்காரர் ஒருவர் 30,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கி, 21,000 பாக்கியோடு வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவருடைய சர்டிபிகேட் எங்களிடம் இருக்கிறது. பி.எஃப். பணத்தில் கழிக்கலாமா? (ஈரோடு)

ப: கழிக்க முடியாது. பி.எஃப். பணத்தின் மேல் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. சர்டிபிகேட்டை இன்றே திருப்பிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கடனுக்காக ஆளைக் கட்டிப்போட்டதாகப் புகார் எழுந்தால், 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வரை பேச்சு போகும். 21,000 ரூபாய்க்கு அது தேவையா?

அவருக்கு நீங்கள் தர வேண்டிய கடைசிச் சம்பளத்தில் அட்வான்ஸைக் கழிக்கலாம், ஆனால் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மீதிக்கு எழுத்து ஆதாரம் இருந்தால் நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் வழக்குப் போடலாம். ஆதாரம் இல்லையென்றால் மறந்துவிடுவதே லாபம்.

இனிமேல் கொடுப்பதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸுக்கு உச்சவரம்பு ஒரு மாதச் சம்பளம். மாதம் எவ்வளவு பிடிப்பது என்று வவுச்சரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்து மாதத்துக்கு மேல் தவணை இழுக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொரு சம்பள நாளும் "பிடித்தது 1,500, பாக்கி 9,000" என்று எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். பழைய பாக்கி தீராமல் புது அட்வான்ஸ் கிடையாது. மருத்துவச் செலவு, வீட்டில் சாவு இரண்டுக்கு மட்டும் விலக்கு. பண்டிகை அட்வான்ஸையும் போனஸையும் ஒரே வவுச்சரில் எழுதாதீர்கள்; ஒன்று திரும்ப வர வேண்டியது, மற்றது அவருடைய பணம். இதைக் குழப்பியதால் வந்த சண்டைகள் ஏராளம்.

அட்வான்ஸ் கொடுத்தால் ஆள் நிற்பார் என்ற நம்பிக்கை தறிப்பட்டறைகளில் ஊறிப்போனது. பக்கத்துப் பட்டறைக்காரர் அந்தப் பாக்கியைக் கட்டி ஆளை அழைத்துப்போவதும் அதே பட்டறைகளில்தான் நடக்கிறது.

கே: ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பையன்கள் ஊருக்குப் போய்விட்டு மூன்று மாதமாகத் திரும்பவில்லை. பெயரை அடித்துவிடலாமா? (ஓசூர்)

ப: அடிப்பதற்கு முன் தபால் செலவு செய்யுங்கள். தானாக நின்றுவிட்டார் என்று முதலாளி மட்டும் முடிவெடுத்துப் பெயரை நீக்குவது செல்லாது, விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் சொல்லிவிட்டது.

லீவு முடிந்த மூன்றாம் நாள் போன், வாட்ஸ்அப் செய்தி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பத்தாம் நாள் சொந்த ஊர் முகவரிக்கு முதல் கடிதம்: இந்தத் தேதிக்குள் வேலைக்கு வாருங்கள், அல்லது காரணம் எழுதுங்கள். அடுத்த பத்து நாளில் இரண்டாவது கடிதம். பதில் இல்லையென்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணைத் தேதி, அதன்பின் ஆணை. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. பதிவு வசதி கேட்டு வாங்கி அனுப்புங்கள். கதவு பூட்டியிருந்தது என்று திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே கோப்பில் வையுங்கள். கடிதம் அவருக்குப் புரியும் மொழியில், இந்தியிலோ ஒடியாவிலோ, இருந்தால் நல்லது.

ஆணை போட்டதும் பி.எஃப். தளத்தில் விலகிய தேதியை ஏற்றுங்கள். இதை மறந்துவிடுவதுதான் அதிகம். தேதி இல்லாமல் அவர் பணம் எடுக்க முடியாது. அவர் வேறு கம்பெனியில் சேர்ந்த தேதிக்குப் பிந்தைய தேதியை ஏற்றினால் இரண்டு வேலையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கணக்கு மாற்றம் நின்றுவிடும்.

கே: கேஷ் கவுண்டரில் 8,400 ரூபாய் குறைந்தது. கேமராவில் தெரிகிறது. பையன் எட்டு மாதமாக வேலை செய்கிறான். அன்றே அனுப்பிவிடலாமா? (திருச்சி)

ப: வேலை கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பலாம், நீக்க முடியாது. கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் விலக்கக் கூடாது. தவறு விசாரணையில் நிரூபணமானால் முன்னறிவிப்பு வேண்டாம்.

கேமரா பதிவை அன்றே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். பல கருவிகளில் 15, 30 நாளில் மேலெழுதி அழிந்துவிடும். தற்காலிகப் பணிநீக்க உத்தரவு, பிறகு தேதி, நேரம், தொகை எழுதிய குறிப்பாணை, பதில் தர ஒரு வாரம். விசாரணையைப் புகார் கொடுத்தவரே நடத்தக் கூடாது. வெளியிலிருந்து ஒரு வக்கீலை வைக்கலாம். பதிவை அவனிடம் காட்டி, சொல்வதை எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. விசாரணை முடியும்வரை பிழைப்பூதியம் தர வேண்டும்: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்கு மேல் முழுதும். ஆகவே இழுக்காதீர்கள்.

அறையில் உட்காரவைத்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது, போனைப் பிடுங்கி வைப்பது, நாலு தட்டுத் தட்டுவது எல்லாம் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். 8,400 ரூபாய் திருட்டு அப்போது இரண்டாம் விஷயமாகிவிடும்.

கே: கடை ஊழியருக்கு வருடத்தில் எத்தனை நாள் லீவு? (நாகர்கோவில்)

ப: ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு, நோய்க்கு 12, தற்செயல் 12. வார விடுமுறை தனி. அதோடு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட ஐந்து பண்டிகை நாட்கள். அந்த ஒன்பதில் ஒரு நாள் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் சம்பளத்தோடு மாற்று விடுமுறையும்.

கே: 12 பேரில் 3 பேர் பெண்கள். பாலியல் புகார்க் குழு எங்களுக்கும் வேண்டுமா? யாரை வைப்பது? (சேலம்)

ப: 10 பேர் ஆனாலே வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூத்த பெண் ஊழியர் தலைவர், ஊழியர்களில் குறைந்தது இருவர், வெளியிலிருந்து பெண்கள் பிரச்சினையில் அனுபவமுள்ள ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். முதலாளியின் மனைவியைத் தலைவராகப் போடுவது சுலபமான வழி, ஆனால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளி உறுப்பினரின் போன் எண்ணைப் பெண்கள் ஓய்வெடுக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டினால் அதைக் குறித்துக்கொள்வதை நாலு பேர் பார்ப்பார்கள்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார், 90 நாளில் விசாரணை. 10 பேருக்குக் குறைவான இடமோ, புகார் முதலாளி மேலேயோ என்றால் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும்.

கே: ஆஃப்செட் பிரஸ், 16 பேர். ஆறு வருடம் எட்டு மாதம் வேலை பார்த்தவர் விலகுகிறார். கிராஜுவிட்டி (பணிக்கொடை) எவ்வளவு, எப்போது தர வேண்டும்? கையில் மொத்தமாகப் பணம் இல்லை. (சிவகாசி)

ப: அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்றால் 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள்: 7,500. ஆறு மாதத்துக்கு மேலுள்ள மிச்சம் முழு வருடமாகும், எனவே ஏழு வருடம். மொத்தம் 52,500 ரூபாய். கெடு 30 நாள், தாண்டினால் வட்டி. கடைசிச் சம்பளத்துக்குக் கெடு இன்னும் கடுமை: விலகிய இரண்டு வேலை நாளுக்குள்.

ஐந்து வருடம் ஆகுமுன் நிறுத்திவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஒப்பந்தக் காலம் குறித்து எடுத்த ஆளுக்குப் புதிய சட்டத் தொகுப்பில் ஒரு வருடமே போதும்.

பணம் திரட்டுவதற்கு ஒரே வழி மாதாமாதம் ஒதுக்குவது. 7,500-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 625 ரூபாய். மற்ற 15 பேருக்கும் அவரவர் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 4.81 சதவீதம் போட்டு, பிரஸ் கணக்கிலிருந்து பிரித்துத் தனி ஆர்.டி.-யில் (மாதத் தொடர் வைப்பில்) கட்டி வாருங்கள். சம்பளம் கூட்டும் மாதத்தில் பழைய வருடங்களுக்கும் சேர்த்து வித்தியாசம் வரும் என்பதால், அந்த மாதம் மட்டும் கூடுதலாக ஒரு தொகை போட வேண்டியிருக்கும்.